ஜனவரி 1-இல் பிறந்த பையன்: ஓர் இளையோர் நாவல் வரைவு, உங்கள் கருத்து வேண்டும்

கொய்யாத்தோட்டம்:

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துப் பீடோர்ப் பக்கம் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என்னிடம் படித்த பெண் ஒருத்தி, இப்போது படிவம் ஆறு, ஓர் இளையோர் நாவல் எழுதி என்னிடம் கொடுத்திருக்கிறாள். 140 பக்கம். அவள் சம்மதத்தோடுதான் இங்கே எழுதுகிறேன்.

கதை இதுதான். பீடோருக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய பழைய லயத்து வீடு ஒன்றில் ஈழத்துக் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. பெண்ணுக்குப் பதினாறு வயது. ஆறு வயதில் அம்மா அப்பாவோடு விமானத்தில் வந்தவள். விசா முடிந்துவிட்டது, திரும்பிப் போக வழியில்லை. புகலிடம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், பதில் வரவில்லை. பையனுக்குப் பதினேழு, மியன்மாரிலிருந்து வந்த ரொஹிங்யா. 2017-இல் ஊரை விட்டு ஓடி, வங்காளதேச முகாமில் இருந்து, படகில் வந்து சேர்ந்தவன். கொய்யாத் தோட்டத்தில் பழ ஈ அண்டாமல் பழத்துக்குப் பை கட்டுகிறான். அவளும் அம்மாவோடு அங்கே கூலிக்குப் போகிறாள். அங்கே ஆரம்பிக்கிறது.

என் சிக்கல் என்னவென்றால், முதல் 60 பக்கத்தில் இரண்டு பேரும் இரண்டே முறைதான் பார்த்துக்கொள்கிறார்கள். மற்ற இடமெல்லாம் 1951 அகதிகள் ஒப்பந்தம், 1967 நெறிமுறை, மலேசியா இரண்டிலும் கையெழுத்துப் போடாதது, யூஎன் கார்டு (ஐ.நா. அகதிகள் அமைப்பு தரும் அட்டை) எப்படிக் கிடைக்கும், இதுவே. எல்லாம் சரியான தகவல். கட்டுரையென்றால் கண்ணை மூடிக்கொண்டு 90 மதிப்பெண் போடுவேன். நாவலுக்கு என்ன போடுவது என்று தெரியவில்லை. அதைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

எதிர்வெயில்:

டீச்சர், எனக்குத் தனியாக அனுப்பிய மூன்று அத்தியாயங்களையும் படித்தேன். பிள்ளைக்கு எழுத வருகிறது. கொய்யா மரத்தடி வரும் இடத்திலெல்லாம் வாக்கியம் தானாக நடக்கிறது. சட்டம் வந்தவுடன் நின்றுவிடுகிறது.

மூன்றாம் அத்தியாயத்தில் குடிநுழைவுச் சட்டம் 1959/63, ஆறாம் பிரிவு, பெர்மிட் இல்லாமல் நாட்டுக்குள் நுழைந்தால் 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், ஐந்து வருடம் வரை சிறை, ஆறு பிரம்படி வரை என்று முக்கால் பக்கம். இதை அந்தப் பையன் மனப்பாடமாகச் சொல்கிறானாம். யாரிடம்? முதல் முறை தனியாகப் பேசக் கிடைத்த பெண்ணிடம்! பதினேழு வயதுப் பையன் அந்த ஐந்து நிமிடத்தில் பிரிவு எண்ணையா சொல்லுவான்?

அவனுக்குச் சட்டம் காலில்தான் தெரியும். எந்தக் கடைக்கு எந்தச் சந்து வழியாகப் போக வேண்டும், போலீஸ் நீலவிளக்கு தெரிந்தால் மோட்டாரை எங்கே திருப்ப வேண்டும், சம்பளம் பாக்கி வைத்தால் ஏன் வாயைத் திறக்கக் கூடாது. எழுதியவள் அதையெல்லாம் பார்த்திருக்கிறாள், எட்டாம் அத்தியாயத்தில் வருகிறது. அதை முன்னால் கொண்டுவரச் சொல்லுங்கள்.

மூணாம்நம்பர்லயம்:

குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். என் தம்பி மகனுக்கு 19 வயது. இங்கே பிறந்தான், இங்கே வளர்ந்தான், இந்த ஊரைத் தவிர வேறு ஊர் தெரியாது. ஐசி (அடையாள அட்டை) இல்லை. அம்மா இந்தோனேசியா, கல்யாணத்தைப் பதியவில்லை. பதியாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை அம்மா பக்கம்தான் போகும் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா இவன் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டாள். எஸ்பிஎம் (படிவம் ஐந்து) பரீட்சை எழுதுவதற்குப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

நம் பிள்ளைகள் கதையை எழுத ஆள் இல்லை. ஆனால் வந்தவர்களுக்கு நாவல், அதிலும் காதல் நாவல். எழுதட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. மனசில் பட்டதைச் சொன்னேன்.

ஒட்டுப்பால்:

லயத்துத் தம்பி, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. என் பாட்டி சாகும்வரை சிவப்பு ஐசிதான் (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குத் தருவது) வைத்திருந்தார். ஐம்பது வருடம் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய கை. ஒவ்வொரு தேர்தலுக்கும் எங்களை மட்டும் அனுப்பிவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்.

ஆனால் நீங்கள் சொன்னதும் டீச்சர் சொன்னதும் ஒரே கதை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்கு இருக்காது, பிறந்திருக்க மாட்டீர்கள். பெர்மிட் கிடைக்காமல் பல்லாயிரம் தோட்டத்து ஆட்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அந்த ஊரைப் பார்த்தே இராத பிள்ளைகளும் அவர்களோடு போனார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. என் சித்தப்பாவுக்குப் பதினெட்டு இருக்கும். எதிர் லயத்தில் ஒரு பெண். இரண்டு பேருக்கும் நடுவில் கடிதம் கொண்டு போனது நான்தான். கடிதத்துக்கு ஐந்து காசு, சில நாள் ஒரு துண்டு கச்சான் மிட்டாய். ஒருநாள் அவர்கள் வீட்டில் தகர டிரங்குப் பெட்டிக்குப் பச்சைச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார்கள். பெட்டியை எதற்கு அலங்காரம் பண்ணுகிறார்கள் என்று நான் சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பால் வாளியை எடுத்துக்கொண்டு மத்தியானத்தில் காட்டுக்குள் போனார். மத்தியானத்தில் யார் பால் எடுப்பார்கள்?

பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறினார்கள். சித்தப்பா வழியனுப்பப் போகவில்லை. பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது ஆள் இல்லை என்றால் அரை நாள் சம்பளம் போகும் என்றார். காரணம் அதுவா, வேறா, இன்று வரை எனக்குத் தெரியாது. பிறகு கல்யாணம், நான்கு பிள்ளைகள், எல்லாம் ஆயிற்று. போன வருடம் இறந்தார்.

இதை எழுத ஆரம்பித்தபோது இவ்வளவு எழுத நினைக்கவில்லை. மன்னிக்கவும்.

பதினாறுதான்_போதுமா:

தாத்தா, நீங்கள் ஒரு புத்தகம் எழுதுங்கள். உண்மையாகச் சொல்கிறேன்.

நான் படிவம் நான்கு. இந்த இழையில் எனக்கு மட்டும்தான் அந்தக் கதையில் இருப்பவர்களின் வயது என்று நினைக்கிறேன், அதனால் ஒரு கேள்வி. அவன் ரொஹிங்யா, அவள் ஈழத் தமிழ். இரண்டு பேரும் எந்த மொழியில் பேசிக்கொள்கிறார்கள்? டீச்சர் போட்ட சுருக்கத்தில் அது இல்லை. எனக்கு முதலில் அதுதான் தெரிய வேண்டும்.

கொய்யாத்தோட்டம்:

இல்லை கண்ணு, வரைவிலும் இல்லை! அவன் நல்ல செந்தமிழில் பேசுகிறான். நானும் கவனிக்காமல் விட்டுவிட்டேன் பார். முப்பது வருடம் வாத்தியார் வேலை பார்த்து என்ன பயன்?

கிள்ளான்காரி:

கொஞ்ச காலம் கிள்ளான் பக்கம் அகதிப் பிள்ளைகளுக்கான கற்றல் மையம் ஒன்றில் பாடம் சொல்லிக் கொடுத்தேன். அரசாங்கப் பள்ளியில் இந்தப் பிள்ளைகளைச் சேர்க்க முடியாது, அதனால் இப்படிப்பட்ட மையங்கள்தான் கதி. அதுவும் பெரும்பாலும் கிள்ளான் பள்ளத்தாக்கில்தான். பீடோர் மாதிரி ஊரில் கதாநாயகி பகலில் மையத்துக்குப் போவதாக எழுதியிருந்தால் யோசிக்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பழைய சரித்திரப் புத்தகத்தை வாங்கிப் படிக்கிறாள் என்றால் நம்புவேன்.

தம்பியோ தங்கையோ, நல்ல கேள்வி கேட்டீர்கள். மலாய்தான். புத்தக மலாய் இல்லை, பசார் மலாய். கடையில் விலை கேட்கவும், தௌக்கேயிடம் (முதலாளியிடம்) சம்பளம் கேட்கவும், போலீஸிடம் மன்னிப்புக் கேட்கவும் கற்றுக்கொண்ட மலாய். இரண்டு பேருக்கும் அது தாய்மொழி இல்லை. கோபப்படுவதற்கும் கெஞ்சுவதற்கும் அதில் சொல் இருக்கிறது. இன்னொன்றுக்கு? பக்கத்து வீட்டு டிவி நாடகத்தில் கேட்ட ‘சாயாங்’ (அன்பே) ஒன்றுதான் இருக்கும். அதைச் சொன்னால் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிடும். இதைவிட நல்ல முதல் காதல் காட்சி எழுதியவளுக்குக் கிடைக்குமா?

இன்னொன்று, ரொஹிங்யா மொழியை வீட்டில் பேசுவார்கள், எழுத அநேகம் பேருக்குத் தெரியாது. 1980களில் அதற்கென்று ஹனிஃபி என்ற எழுத்து உருவாக்கினார்கள், 2018-இல்தான் அது யூனிகோடில் ஏறியது. என் வகுப்புப் பிள்ளைகள் ஒருவருக்கும் அந்த எழுத்து தெரியாது. அம்மாவிடம் பேச வேண்டும் என்றால் குரல் செய்தி. சண்டை, தாலாட்டு, எல்லாமே குரல் செய்தி. அதனால் நாவலில் அவன் எழுதும் நான்கு பக்கக் காதல் கடிதம், அழகாக இருந்தாலும், தூக்க வேண்டியதுதான்.

அப்புறம் பிறந்த நாள். பிறப்புப் பத்திரம் இல்லாதவர்களுக்குப் பதியும்போது ஜனவரி 1 என்று போட்டுவிடுவது உண்டு. என் வகுப்பில் ஒன்பது பேருக்கு ஜனவரி 1. வருடப் பிறப்பன்று ஒரே கேக்கில் ஒன்பது பேர் ஊதுவார்கள், மெழுகுவர்த்தியைவிட எச்சில்தான் அதிகம். மியன்மார் 1982 சட்டத்தில் இவர்கள் குடியுரிமையைப் பறித்தது என்று 20 பக்கம் எழுதுவதைவிட, அந்தப் பையனின் கார்டில் இருக்கும் தேதியை அவள் பார்க்கும் ஒரு பத்தி போதும் என்பது என் எண்ணம்.

பதினாறுதான்_போதுமா:

தங்கை. 🙂

அவனுக்கு அவள் ஒரு பிறந்த நாள் கொடுக்கலாமே!

வன்னிக்காற்று:

வணக்கம். நாங்கள் மலேசியாவில் ஏழு வருசம் இருந்தனாங்கள், இப்ப கனடா. டீச்சர் எனக்கும் ஐந்து அத்தியாயம் அனுப்பினவா. நன்றி.

பேச்சைப் பற்றி ஒண்டு சொல்லவேணும். அந்தப் பிள்ளை ‘என்னண்டு கதைக்கிறியள், வடிவாச் சொல்லுங்கோ’ என்று சினிமாவில் வாற மாதிரி எல்லா இடத்திலையும் கதைக்கிறாள். ஆறு வயசில் வந்து பத்து வருசம் பீடோரில் வளர்ந்த பிள்ளை அப்பிடி இராது. வீட்டுக்குள்ள ஒரு தமிழ், வாசல் தாண்டினால் மலேசியத் தமிழ், ‘வேணாம்லா’ தான். என்ர மகள் அப்பிடித்தான். பஸ்ஸில் ஏறினால் நான் வாய் திறக்கக் கூடாது என்று கையைக் கிள்ளுவாள். எங்கட பேச்சு எங்களைக் காட்டிக் குடுத்திடும் என்ற பயம். அவள் மட்டும் கதைப்பாள், ரிக்கெற் எடுப்பாள், எனக்கும் அவளுக்கும் சம்பந்தம் இல்லாத மாதிரி முன் சீற்றில் இருப்பாள். பதினொரு வயசு அப்ப.

பேரும் மாத்த வேணும். இப்ப வைத்திருக்கிற பேர் எங்கட ஆச்சி காலத்துப் பேர். 2008-இல் பிறந்த எங்கட பிள்ளையளுக்கு -ஷிகா, -ஷினி, -ஷன் என்று முடியாமல் பேரே இல்லை. இங்க ஆரும் அதைச் சரியாக உச்சரிச்சதும் இல்லை. அதையும் வைத்து விளையாடலாம்.

முடிவில் அந்தப் பெடியனுக்கு 2025-இல் அமெரிக்காவில் அகதியாக் குடியேற இடம் கிடைக்குது. அது நடக்காது. 2025 ஜனவரியில் அமெரிக்கா அகதிகளை எடுக்கிறதை நிப்பாட்டினது. ரிக்கெற் போட்டவையின்ர பயணமும் ரத்தானது. பிள்ளை விரும்பினால் அதையே எழுதலாம்: ஐஓஎம் (அகதிகளை அனுப்பி வைக்கிற ஐ.நா. புலம்பெயர்வு அமைப்பு) என்று நீல எழுத்துப் போட்ட வெள்ளைப் பை வீட்டுக்கு வந்திட்டுது, ஆள் போகேல்லை. அந்தப் பையை என்ன செய்யிறது? எங்கட வீட்டில் இப்பவும் இருக்குது. குளிர் உடுப்பு போட்டு வைக்கிறம்.

எதிர்வெயில்:

எல்லாரும் சுற்றிச் சுற்றிப் போகிறீர்கள், நான் நேராகக் கேட்கிறேன். அவன் முஸ்லிம், அவள் இந்து. மலேசியாவில் அவர்கள் கல்யாணம் செய்ய வேண்டுமென்றால் அவள் மதம் மாற வேண்டும். இந்த ஒரு விஷயத்தை 140 பக்கமும் தொடவே இல்லை. படிக்கிற ஒவ்வொரு மலேசியத் தமிழ் வீட்டிலும் முதல் கேள்வி இதுதான் வரும். யூஎன் கார்டைப் பற்றி 20 பக்கம் எழுதத் துணிந்தவள் இதற்கு ஏன் ஒரு வரி எழுதவில்லை?

கொய்யாத்தோட்டம்:

அவளிடம் கேட்டேன். “டீச்சர், அவங்க ரெண்டு பேரும் இன்னும் கையைக்கூடப் பிடிக்கலை, நீங்க அதுக்குள்ள கல்யாணம் பண்ணி வைக்கிறீங்க” என்றாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

எதிர்வெயில்:

நல்ல பதில். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அம்மாக்களுக்கு அந்தப் பயம் இருக்குமே? பிள்ளைகள் நினைக்காவிட்டாலும் பெண்ணின் அம்மா நினைப்பாள். கொய்யா மரத்தடியில் இரண்டு பேரும் சிரிப்பதைப் பார்த்தவுடன் அவள் முகம் மாற வேண்டும். இரண்டு வரி போதும்.

மூணாம்நம்பர்லயம்:

அதுதான் சரி. என் அக்காவாக இருந்தால் முகம் மாறாது, விளக்குமாறு வரும்.

கொய்யாத்தோட்டம்:

சரி, இப்போது பெரிய விஷயம். கதையின் உச்சம் 2024 பிப்ரவரி 1. பீடோர் குடிநுழைவுத் தடுப்பு முகாமிலிருந்து 131 பேர் தப்பித்தார்கள், பெரும்பாலும் ரொஹிங்யா. நெடுஞ்சாலையில் வாகனம் மோதி ஒருவர் இறந்தார். வரைவில் அந்தப் பையன் அதற்கு ஒரு மாதம் முன்பு பிடிபட்டு முகாமில் இருக்கிறான், தப்பிக்கிறான், செம்பனைக் காட்டில் அவளைச் சந்திக்கிறான். மழை. இடி. எல்லாம் உண்டு.

எனக்கு அந்த நாட்கள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. தைப்பூசம் முடிந்து ஒரு வாரம். காலையில் சந்தைக்குப் போகும் வழியெல்லாம் சாலைத் தடுப்பு. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒருவரும் பிள்ளைகளை வெளியே விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் செம்பனைக்குக் குலை வெட்டப் போகவே பயந்தார். நானும் பின்கதவை இரண்டு தரம் பூட்டிப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தப்பித்தவர்களில் என் மாணவியின் கதாநாயகன் மாதிரி ஒருவன் இருந்திருக்கலாம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. இறந்தவர் யார், எந்த ஊர் என்றுகூட நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

அதனால்தான் இந்த அத்தியாயத்தைப் பற்றி நான் நடுநிலையாகப் பேச முடியாது. நீங்கள் சொல்லுங்கள்.

கிள்ளான்காரி:

என் மனசுக்கு ஒப்பவில்லை டீச்சர். உண்மையாகவே ஓர் ஆள் செத்த இரவு. அதற்குள் மழையில் நனையும் காதல் காட்சியை வைத்தால், அந்த ஆள் இவர்களுடைய சந்திப்புக்குப் பின்னணி இசை மாதிரி ஆகிவிடுவார். 2022 ஏப்ரலிலும் இதேபோல் நடந்தது. கெடா முகாமிலிருந்து 528 பேர் வெளியே ஓடினார்கள், நெடுஞ்சாலையைக் கடக்கும்போது ஆறு பேர் இறந்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. என் வகுப்பில் ஒரு பையன் அதன் பிறகு ஒரு வாரம் சாலையைக் கடக்க மாட்டேன் என்று அடம் பிடித்தான். அவனுக்கு அங்கே யாரையும் தெரியாது.

பதினாறுதான்_போதுமா:

அவன் முகாமில் இருக்கவே வேண்டாமே. அவன் பாட்டுக்குக் கொய்யாத் தோட்டத்துக் கொட்டகையில் இருக்கட்டும். ஆனால் அந்த நாட்களில் அவனைப் பார்க்கிற எல்லாரும் தப்பித்தவன் என்றுதானே நினைப்பார்கள்? கார்டு இருந்தாலும் எட்டிப் பார்க்க முடியாது. அவளும் லயத்தை விட்டு வர முடியாது. இரண்டு வாரம் பார்த்துக்கொள்ளவே முடியாது. குரல் செய்தி மட்டும். சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று போர்வைக்குள் பேசுகிறான். அவள் போனைக் காதோடு ஒட்டிக் கேட்கிறாள். பசார் மலாய் தீர்ந்து போகிறது. அப்போது அவன் தன் மொழியில் பேச ஆரம்பிக்கிறான். அவளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனாலும் கேட்கிறாள். அவளும் வீட்டுத் தமிழில், அந்த யாழ்ப்பாணத் தமிழில், பதில் அனுப்புகிறாள். வெளியே யாரிடமும் பேசாத தமிழ்.

இது சரியாக வருமா தெரியவில்லை. எனக்கு இப்படித் தோன்றியது.

எதிர்வெயில்:

டீச்சர், இந்தப் பிள்ளையையும் எழுதச் சொல்லுங்கள்.

ஒட்டுப்பால்:

போர்வைக்குள் குரல் என்று படித்ததும், சித்தப்பா மண்ணெண்ணெய் விளக்கைப் போர்வைக்குள் வைத்துக் கடிதம் படித்து ஒருநாள் போர்வை பற்றிக்கொண்டது ஞாபகம் வந்தது. பாட்டி தண்ணீர்க் குடத்தோடு ஓடி வந்தார். கடிதம் எரிந்ததற்குத்தான் சித்தப்பா அழுதார், கால் சுட்டதற்கு இல்லை.

கொய்யாத்தோட்டம்:

பத்து நாள் இடைவெளிக்கு மன்னிக்கவும். இழையை முழுதாக அச்செடுத்து அவளிடம் கொடுத்தேன். இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவள் அம்மா வந்து, “டீச்சர், என்னத்தைச் சொன்னீங்க, சாப்பிட மாட்டேங்குறா” என்றார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

நேற்று இரவு 31 பக்கம் அனுப்பினாள். 1951 ஒப்பந்தம் போய்விட்டது. நான்கு பக்கக் கடிதமும் போய்விட்டது, அதற்கு மட்டும் ரொம்ப வருத்தப்பட்டாளாம். கதையில் சாலைத் தடுப்பு எடுத்த பிறகு இரண்டு பேரும் மறுபடி தோட்டத்துக்கு வருகிறார்கள். அவன் கார்டைப் பார்த்துவிட்டு அவள் ஒரு பிறந்த நாள் கொடுக்கிறாள்: பிப்ரவரி 29. 2024-இல் அந்தத் தேதி இருந்தது, நானும் நாட்காட்டியைப் பார்த்துச் சரிபார்த்தேன். ஏன் அந்தத் தேதி என்று அவன் கேட்கிறான். நான்கு வருடத்துக்கு ஒரு கேக் வாங்கினால் போதும், அவ்வளவுதான் கட்டுப்படியாகும் என்கிறாள். 2028-இல் நீ எங்கே இருப்பாய் என்று அவன் கேட்கவில்லை. கொய்யாவுக்குப் பை கட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

கதாநாயகியின் அம்மாவின் முகம் மாறுகிற இரண்டு வரியும் இருக்கிறது.

மூணாம்நம்பர்லயம்:

டீச்சர், அந்த 31 பக்கத்தை எனக்கும் அனுப்பினீர்கள், படித்தேன். ஒரு பிழை இருக்கிறது. பழம் மஞ்சளாகும்போது பை கட்டுவதாக எழுதியிருக்கிறாள். நான் மூன்று வருடம் கொய்யாவில் வேலை பார்த்தவன். காய் எலுமிச்சை அளவு இருக்கும்போதே கட்டிவிட வேண்டும். மஞ்சளான பிறகு கட்டினால் பழ ஈ ஏற்கெனவே முட்டை வைத்திருக்கும், பைக்குள்ளே புழுதான் வளரும். அதோடு ஒரு கையால் காம்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால்தான் முடிச்சுப் போட முடியும், இரண்டு கையும் வேலையாக இருக்கும். அந்த நேரத்தில் அவன் அவள் கையைத் தொட்டான் என்று எழுதியிருப்பது நடக்காது. வேண்டுமென்றால் அவள் காம்பைப் பிடிக்கட்டும், அவன் முடிச்சுப் போடட்டும்.